மேசைத்துணை

...சிரிக்காதே, சிரித்தால் தோள் குலுங்கும், தோள் குலுங்கினால் கை குலுங்கும், கை குலுங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள், கையைக் கைப்பைக்கு அடியில் வைத்துக்கொள், ம், அப்படித்தான், இப்போது சிரி... முன்னால் குதிரை நின்று பேசிக்கொண்டிருக்கிறாள், கல்லூரி நாளிலிருந்தே அவள் சிரித்தால் கட்டடமே கனைக்கும், அதனால் குதிரை, அவளுடைய மேசைத்துணைக்குப் பேத்தி பிறந்திருக்கிறதாம், குழந்தையைக் கையில் வாங்கியதும் தொழில் புத்தி விடாமல் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கப் போனானாம், மருமகள் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாளாம், பாவி, செய்தாலும் செய்வான், மாட்டுக்கு வயது பார்த்தே காலத்தை ஓட்டியவன். இலையுதிர் காலம் பிறந்ததும் ஒரு சனி ஞாயிறில் எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரி வகுப்பு இப்படிக் கூடும், அதே பழைய பாட அறை, படிப்படியாக ஏறிப்போகும் மரப் பெஞ்சுகள், சுவருக்குப் புதுப் பெயிண்டு, அத்தனை பெயிண்டையும் மீறி அறுத்த உடலைக் கெடாமல் வைக்கிற அந்த ஃபார்மலின் நெடி மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது, ஜன்னல் வழியாகச் சருகுகள் உள்ளே வந்து விழுகின்றன, கூட்டுவாரில்லை. எல்லாருக்கும் தலை நரைத்து, நரைக்காதவர்கள் மை பூசி, தொந்தி, மூட்டுவலி, ஆனாலும் உட்காருகிற இடம் மட்டும் மாறவில்லை, யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, தொழுவத்துக்குத் திரும்பிய மாடு மாதிரி அவரவர் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டோம்.

எங்கள் வகுப்புக்கென்று ஒரு கிறுக்குச் சட்டம் உண்டு, தன் சேதியைத் தானே சொல்லக் கூடாது. முதல் தடவை கூடியபோது ஆளாளுக்கு எழுந்து பீற்றிக்கொண்டோம், ஒருத்தனுக்கு வெளிநாட்டுப் பட்டம், ஒருத்திக்கு மாடி மேல் மாடி, கடைசியில் கோழிப் பண்ணையில் சம்பளத்துக்கு இருந்த ஒருவன் சாப்பிடாமலே பஸ் ஏறிப் போய்விட்டான், அன்றைக்கு எங்கள் லீடர் கொண்டுவந்த சட்டம் இது. முதலாண்டில் ஓர் ஆட்டை இருவர் இருவராக அறுத்துப் படித்தோமே, அந்த மேசைத்துணைதான் சொல்ல வேண்டும், முந்தின வாரமே போன் பண்ணி விசாரித்துக்கொள்ள வேண்டும், 'புகழ்ந்தாலும் அவன் வாயால வரட்டும், கிழிச்சாலும் அவன் வாயால வரட்டும்' என்றான் லீடர். செத்தவர்களுக்கும் அதே சட்டம்தான். போன பனிக்காலத்தில் சோடாபுட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், அவளைப் பற்றிச் சொல்ல அவள் துணை சற்றுமுன் எழுந்தான், 'நான் வெட்டுவேன், அவ படம் வரைவா. அவ வரைஞ்சதப் பாத்துத்தான் நான் எதை வெட்டினேன்னு எனக்கே தெரியும்' என்றான், உட்கார்ந்துவிட்டான், அவ்வளவுதான், ஒருத்தர் கண்ணிலும் நீர் நிற்கவில்லை, எனக்கும்தான், ஆனால் கையை வெளியே எடுத்துக் கண்ணைத் துடைக்க முடிந்ததா, அடச்சீ, இதென்ன பிழைப்பு.

என் துணையின் பட்டப்பெயர் அவசரம். இதோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான், மலை மாதிரி. எதற்கும் அசையமாட்டான் என்பதால் கிண்டலுக்கு அந்தப் பெயர், வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவான். எனக்குத் தையல்காரி என்று பெயர், நான் தைத்த இடத்தில் மயிர் முளைத்துவிட்டால் தழும்பு எங்கே என்று மாட்டுக்காரரே தேட வேண்டும், வருஷா வருஷம் அவன் எழுந்து அதைத்தான் சொல்வான், கைதட்டுவார்கள், அந்தக் கைதட்டலுக்காகத்தான் வருகிறேனோ என்னவோ, வந்தால்தான் என்ன, எனக்கு வேறென்ன வரும், சமையல் வருமா, பாட்டு வருமா... அந்தக் கைதான் இப்போது நடுங்குகிறது. நரம்பு டாக்டர் என்னைவிடச் சின்னவர், கையை நீட்டச் சொன்னார், வட்டம் வரையச் சொன்னார், 'மாத்திரை தரேன் மேடம், கொஞ்சம் குறையும், ஆனா கத்தி பிடிக்கறத நீங்க விட்டுடறது நல்லது' என்றார், எவ்வளவு மரியாதையாகச் சொன்னார், மரியாதையாகச் சொன்னால் மட்டும் வலிக்காதா. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. கிளினிக்கில் ஜூனியர் பெண்ணிடம் 'நீ தை, நான் பாக்கறேன், எப்பதான் கத்துப்ப' என்று ஊசியைத் தள்ளிவிடுகிறேன், அவளும் எங்கள் மேடம் மாதிரி உண்டா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாளாம், கூத்துதான். போன வாரம் அவசரம் போன் பண்ணினான், 'என்ன சேதி, சொல்லு', 'ஒண்ணும் புதுசில்லடா, வழக்கம் போலத்தான்', 'தையலெல்லாம்?', 'அது பாட்டுக்கு ஓடுது', கொஞ்ச நேரம் சும்மா இருந்தான், எனக்கோ, மேலே கேட்டுவிடுவானோ என்று பயம், 'உனக்கும் வழக்கம் போலத்தான, சரி வெச்சுடறேன்' என்று நானே சொல்லி நானே வைத்துவிட்டேன்.

காலையில் டீ கொடுத்தபோது, கோப்பையைப் பிடித்தால் தெரிந்துவிடுமே என்று, வேண்டாம் என்றேன், அவசரம் ஒரு பார்வை பார்த்தான், என் டீயையும் எடுத்துக் குடித்துவிட்டான், ஒன்றும் கேட்கவில்லை. பார்த்திருப்பானா? எதையும் மெதுவாகத்தான் பார்ப்பான், ஆனால் பார்த்துவிடுவான், அதுதான் பயம், இவர்கள் முன்னால் மட்டும் வேண்டாம்டா, ஐயோ பாவம் தையல்காரி என்று இத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தால் நான் அங்கேயே செத்துவிடுவேன்... லீடர் மாட்டு மணியை ஆட்டுகிறான், 'அடுத்தது அவசரம், எந்திரிப்பா, சாப்பாட்டுக்குள்ள எந்திரி', சிரிப்பு, இவன் பெஞ்சைப் பிடித்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, தொண்டையைச் செருமி, சொல்லித் தொலையேன். 'நம்ம தையல்காரி இப்ப தைக்கறதில்ல' என்கிறான். போச்சு. எல்லாம் போச்சு. 'தைக்கக் கத்துக் குடுக்கறா. என்கிட்ட வந்த நாய் ஒண்ண, சிக்கலான கேஸ்னு அவகிட்ட அனுப்பினேன். திரும்பி வந்ததும் தையலப் பாத்தேன். முடிச்சு அவளோடது இல்ல, எனக்குத் தெரியாதா. யாரோ ஒரு சின்னப் பொண்ணோடது. ஆனா தழும்பத் தேடணும். ஒரு கை போதாதுன்னு இன்னொரு கையும் செஞ்சு வெச்சிருக்கா, அதான் சேதி' என்றான். கைதட்டு, அப்படி ஒரு கைதட்டு, குதிரை கனைக்கிறாள், எனக்குக் காது அடைத்துவிட்டது, அட கடங்காரா, எல்லாம் தெரிந்துகொண்டா போனில் சும்மா இருந்தாய், தெரிந்துகொண்டா என் டீயைக் குடித்தாய், எப்படி ஒரு பொய்யும் சொல்லாமல் என்னைக் காப்பாற்றினாய்... அவன் மெதுவாக உட்கார்ந்தான், என் பக்கம் திரும்பவில்லை, கைப்பைக்கு அடியில் கையை விட்டு என் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டான், நடுக்கம் அவன் கைக்குள் கொஞ்சம் அடங்கியது.

அந்தக் கையைக் குனிந்து பார்த்தேன், அன்பாகத்தான் பார்த்தேன், பார்த்தால்... புறங்கையில், நரம்பின் மேல், மஞ்சளாக ஒன்று, நீலமாக ஒன்று, மணிக்கட்டுப் பக்கம் இன்னொன்று, அதன் மேல் பிளாஸ்திரி உரித்த பிசுக்கு இன்னும் போகவில்லை. ஊசி ஏற்றிய தடம் எனக்குத் தெரியாதா, எத்தனை உயிருக்கு நானே ஏற்றியிருக்கிறேன், இது ஒருநாள் காய்ச்சலுக்கு ஏற்றியது இல்லை, கிடைத்த நரம்பெல்லாம் குத்தித் தீர்ந்து, இடம் தேடித் தேடி ஏற்றியது, வாரக்கணக்கில், மாதக்கணக்கிலோ... எவ்வளவு நாளாடா? யார் கூட வருகிறார்கள், தனியாகவா போய்ப் படுத்துக்கொள்கிறாய்? போனில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தானே, அது எனக்காக இல்லையோ, சொல்லத்தான் வாயெடுத்தானோ? மணி அடிக்கிறது, 'தையல்காரி, உன் முறை, அவசரத்தோட சேதி என்ன', லீடர் குரலில் அவ்வளவு சந்தோஷம், நான் நல்ல வரிகளாக நாலைந்து தயார் பண்ணி வைத்திருந்தேன், தன் மகளைக் கல்யாண மேடைக்கு அழைத்துப் போவதற்குள் முகூர்த்தத்தைத் தவறவிட்டான் என்கிற பழைய கதைதான், எழுந்து நின்றேன். 'இவன் சேதி எனக்குத் தெரியாது' என்றேன், 'நான் கேக்கவே இல்ல.'

கொல்லென்று சிரிப்பு, 'கேட்டாலும் சொல்லி முடிக்க அடுத்த வருஷம் ஆயிருக்குமே' என்று யாரோ கத்துகிறார்கள், அவனும் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறான், 'உக்காரு, விடு' என்று முணுமுணுக்கிறான், நான் உட்காரவில்லை, ஏன் உட்காரவில்லை, தெரியவில்லை. சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாக அடங்குகிறது. 'இப்ப கேக்கறேன்' என்கிறேன், மெல்லத்தான் கேட்கிறேன், ஆனால் அந்த அறையில் மெல்லப் பேசினாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும், 'எப்படிடா இருக்க?' அவன் நிமிர்ந்து பார்க்கிறான், பயந்த மாதிரி, கொஞ்சம் நிம்மதியான மாதிரியும், பெஞ்சுக்கடியில் காலால் செருப்பைத் துழாவுகிறான், பரவாயில்லை, மெதுவாகவே சொல்லட்டும், எனக்கென்ன வண்டியா போகிறது... ஆனால் இவர்கள் ஏன் அவனைப் பார்க்காமல் என்னையே பார்க்கிறார்கள், குதிரைகூட வாயைப் பொத்திக்கொண்டு, என்ன பார்க்கிறாள், குனிந்தேன், கைப்பை கீழே விழுந்து கிடக்கிறது, முன் பெஞ்சின் முதுகில் ஊன்றிய என் கை பட்டப்பகலில், எல்லார் முன்னாலும், தன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு நேரமாகவோ.