மூன்றாவது வீட்டு மணல்

"அதை அள்ள வேணாம் அங்கிள். அப்படியே இருக்கட்டும்."

"அள்ளாட்டி பின்னேரம் வாற சனம் எங்க பிள்ளை இருக்கிறது? நான் கோயில்ல சொல்லிக் கதிரை எடுப்பிச்சிருக்கிறன்."

"மணல்லயே உக்காருவாங்க. எங்க ஊர்ல அப்படித்தான்."

"நோபல் பார்க்கிலயுமோ?"

அழுது வீங்கியிருந்த மஸ்தூராவின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆனந்தராஜா மண்வெட்டியைக் கராஜ் சுவரில் சாய்த்துவிட்டு, கால்பட்டுக் கலைந்த மணலைச் செருப்பு நுனியால் மெல்லச் சரிசெய்தார்.

மஸ்தூராவின் கணவன் கமருதீன் கையில் காலி பெயின்ட் வாளியோடு நின்றிருந்தான். அன்று காலை சுபுஹு தொழுகைக்கு மஸ்தூரா எழுப்பப் போனபோது அவளுடைய அப்பா மத்ராவி இந்த மணலில் வலப்பக்கம் ஒருக்களித்து, கன்னத்துக்கடியில் கையை வைத்தபடி கிடந்தார். முகத்தில் மணல் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. இதயம் பலவீனம் என்று போன வாரமே டாக்டர் பார்த்திருந்ததால் இறப்புச் சான்றிதழுக்குத் தடையில்லை. உடலைக் குளிப்பாட்டப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

மத்ராவியின் ஊர் இந்தோனேசியாவில், மதுரா தீவின் கிழக்குக் கோடியில், கடலை ஒட்டி இருந்தது. அங்கே வீட்டுக்கு வீடு ஓர் அறையில் கடல்மணலைப் பரப்பி அதில்தான் படுப்பார்கள். கட்டிலும் இருக்கும், வந்தவர்களுக்குக் காட்ட. மகளைப் பார்க்க மெல்பர்னின் நோபல் பார்க்குக்குப் புறப்பட்டபோது அவர் ஒரு துணிப்பையில் தன் மணலையும் கட்டிக்கொண்டு வந்தார். வெளிநாட்டு மண்ணுக்கு அனுமதியில்லை என்று விமான நிலையத்தில் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவருக்கு வருத்தமில்லை. "நல்ல பையன். ரெண்டு கையாலயும் வாங்கினான்" என்றார்.

ஆனால் மெத்தையில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் கிணற்றில் விழுவதுபோல் இருக்கிறதாம். ஒரு சனிக்கிழமை கமருதீன் டிரெய்லர் எடுத்துக்கொண்டு பக்கத்திலுள்ள டாண்டினாங் போய், மஞ்சளாக, அழகாக இருந்த மணலை அள்ளிக்கொண்டு வந்தான். மாமனார் ஒரு பிடி எடுத்து இறுக்கினார். விரலை விரித்த பிறகும் அது கொழுக்கட்டையாகவே இருந்தது.

"மாப்பிள்ளை, இதுல வீடு கட்டலாம். படுக்க முடியாது."

செங்கல் கட்டும் மணல். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு வாங்கிய வெள்ளை மணலை, மஸ்தூராவின் மாவுச் சல்லடையால் தானே சலித்துக் கராஜில் பரப்பினார். அன்று பகலிலேயே படுத்து மாலைவரை தூங்கினார். மஞ்சள் மணல் இன்னும் வேலியோரம் குவிந்துகிடக்கிறது.

மஸ்தூரா தமிழ் பேசுவதற்கு மலேசியாவின் இப்போஹ் நகரம்தான் காரணம். பத்தொன்பது வயதில் வேலை தேடி அங்கே போனவள், கமருதீனின் தமிழ்க் குடும்பம் நடத்திய சோற்றுக்கடையில் சேர்ந்தாள். கல்யாணத்தின்போது கமருதீனின் உம்மா எல்லார் முன்னாலும் சொன்னாள்: "பார்த்துக்கிட்டே இருங்க, இவன் வீட்டோட மாப்பிள்ளையா போயிடுவான்."

பந்தல் முழுக்கச் சிரித்தது. மத்ராவிக்கு மகள் அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். அவருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று புரியவில்லை. அவருடைய ஊரில் மாப்பிள்ளைகள் எல்லாருமே வீட்டோடு மாப்பிள்ளைகள்தான். ஒரே முற்றத்தில் மகள்களுக்கு வரிசையாக வீடு. மகன்கள் கட்டிக்கொண்ட பெண்ணின் முற்றத்துக்குப் போய்விடுவார்கள். மூன்றாவது மகளான மஸ்தூராவுக்கு அந்த வரிசையில் மூன்றாவது வீடு. அதை அவர் ஒவ்வொரு புகையிலை அறுவடைக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்திருந்தார்.

அதுதான் கமருதீனுக்குப் பயம், அங்கேயே வந்து இருக்கச் சொல்லிவிடுவாரோ என்று. ரயில் பணிமனை வேலை நிரந்தரமாகி, போன வருடம்தான் நிரந்தரமாக இங்கே தங்க பி.ஆர். கிடைத்திருந்தது. மாமனார் வந்தது முதல் சாயங்காலமானால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்பிள்ளை, அந்த மூணாவது வீடு..." என்று தொடங்குவார். கமருதீன் எழுந்துவிடுவான். "டீ போடட்டுமா மாமா?" மாமனார் மறுக்காமல் குடித்துவிடுவார். நேற்றும் தொடங்கினார். நேற்றும் டீ. "நல்லா இருக்கு" என்று டம்ளரைக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார்.

ஆனந்தராஜாவோடு மட்டும் ஊர்க்கதை தாராளமாக நடக்கும். கமருதீன் நடுவில் உட்கார்ந்து மலாயையும் தமிழையும் மாற்றி மாற்றிச் சொல்வான்.

"உங்கட ஊரில பிழைப்பு எப்பிடி ஐயா?"

"மழைக்குச் சோளம். வெயிலுக்குப் புகையிலை. ரெண்டும் ஏமாத்தினா கடல் இருக்கு. பையனுங்க ஜகார்த்தாவுல பெட்டிக்கடை போட்டு ராப்பகலா திறந்து வெச்சிருக்கானுங்க. சம்பாதிச்சு ஊர்ல பெரிய பெரிய வீடா கட்டுறானுங்க. உள்ள கோழிதான் குடியிருக்கு."

"சண்டைக்குப் பிறகு எங்கட ஊரில கோழியும் இல்லை."

"ஆனா பெருநாளைக்கு எல்லாரும் வந்துடுவாங்க. அன்னிக்குப் படுக்க மணல் பத்தாது." இதைச் சொல்லும்போது அவர் முகம் விருந்து முடித்தவன் முகம்போல் இருக்கும். அந்த ஊருக்கு அதற்குமேல் எதுவும் வேண்டும் என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை.

கமருதீன் இப்போது குனிந்து, மாமனார் தலைவைத்த இடத்திலிருந்து மணலை வாளியில் அள்ளினான். பாதி வாளி போதும் என்றாள் மஸ்தூரா. பிறகு அவளே இன்னும் இரண்டு கை போட்டாள்.

மையவாடியில் மண் கருத்த களிமண். கபர்க் குழிக்குள் இறங்கி உடலை வாங்கியவர்களில் கமருதீனும் ஒருவன். பஞ்சு மூட்டைபோலக் கனமில்லாமல் வந்தார். அதற்கு முன்பே கன்னம் படும் இடத்தில் வெள்ளை மணலைக் கொட்டி, உள்ளங்கையால் ஒரு குழி செய்திருந்தான். மேலே நின்ற இமாம் வாளியைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து ஓதினார். எல்லோரும் மும்மூன்று கைப்பிடி களிமண் போட்டார்கள். அவன் கையில் மட்டும் மணல் ஒட்டியிருந்தது.

மாலையில் கராஜ் நிறைந்தது. ஆனந்தராஜா கொண்டுவந்த கதிரைகள் வாசலில் வரிசையாகக் காத்துக் கிடந்தன. வந்த இந்தோனேசியக்காரர்கள் அவற்றைத் தாண்டிப்போய், செருப்பைக் கழற்றி மணலில் உட்கார்ந்து ஓதினார்கள். கொஞ்ச நேரம் தனியாகக் கதிரையில் இருந்து பார்த்த ஆனந்தராஜா, காலுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வந்து அமர்ந்தார்.

"தம்பி, சுகமாத்தான் கிடக்கு" என்றார், கமருதீனின் காதில். "மனுசன் சும்மா நித்திரை கொள்ளேல்ல."

அவர் மனைவி அனுப்பிய இடியப்பமும் சொதியும் கைமாறிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. மஸ்தூரா பேசினாள். கமருதீனின் மாமியார் அழவில்லை. மணலிலா போனார் என்று ஒரு முறை கேட்டார். மணல்தான் என்றதும், பின்னால் முற்றத்தில் கூடியிருந்தவர்களிடம் திரும்பிச் சொன்னார். அவர்களும் மணலில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்ககிட்ட பேசணுமாம்" என்று மஸ்தூரா போனை நீட்டினாள்.

கமருதீன் மணல் ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். திரையில் முற்றம் ஆடி ஆடி நகர்ந்தது. முதல் வீடு, இரண்டாவது வீடு. மூன்றாவதன் கதவை மாமியார் திறந்தார். நீலச் சுவர், நல்ல ஜன்னல். தரையில் ஒரு மூலையைச் செங்கல் வரிசை கட்டிப் பிரித்திருந்தார்கள். அதற்குள் வெறும் சிமென்ட்.

"அவர் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் அவ்வளவு தூரம் வந்தார்" என்றார் மாமியார், அவனுக்குப் புரியும்படி நிதானமான மலாயில். "கேட்டாரா?"

அவனுக்கு டீ மணம்தான் நினைவுக்கு வந்தது.

"கேட்டிருக்க மாட்டார். கூச்சப்படுவார். நீங்க இங்க வந்து குடியிருக்கணும்னு இல்ல, மாப்பிள்ளை. யார்தான் இருக்கா? பூட்டியே கிடக்கட்டும். ஆனா மணல் போடாம வெச்சா அது வீடாகாது. மத்த ரெண்டு வீட்டுக்கும் அந்தந்த மாப்பிள்ளைதான் சுமந்து வந்து போட்டான். இதை யாரையும் போடவிடாம உங்களுக்குன்னு வெச்சிருந்தார்."

திறந்த கதவு வழியாக ஒரு கோழி உள்ளே வந்து, வெறும் சிமென்டைக் காலால் சீய்த்துப் பார்த்தது. மாமியார் சூ என்று அதை விரட்டிவிட்டு, போனை ஜன்னல் பக்கம் திருப்பினார். பக்கத்திலேயே கடல்.

"கூப்பிடு தூரம்தான். ஒரு நாள் வந்து, போட்டுட்டுப் போறீங்களா?"