சிவப்பு இல்லாத படம்

கார்ப் பந்தயத் தடத்தில் காலையில் மச்சினன் எட்டுச் சுற்று ஓட்டுவது, மத்தியானம் மாமா ஓட்டும்போது அவன் படம் எடுப்பது என்று ஏற்பாடு. மாமா என்றால் அக்கா புருஷன். கார் அவருடையது, பட்டறையும் அவருடையது. முந்தின நாள் பிரேக் மாற்றிய மெக்கானிக்கும் கூட வந்திருந்தான்.

"நீ ஓட்டின வேகத்துக்குப் பிரேக்கே வேண்டாம்டா. ஜன்னல் வழியா கையக் காட்டினா வண்டி தானா நிக்கும்," என்றார் மாமா, ஹெல்மெட் வாரை இறுக்கியபடி.

"நீங்க ஓட்டுங்க, பாக்கலாம். பலகைகிட்ட வரும்போது ஒரு தடவை என் பக்கம் திரும்புங்க மாமா. மூஞ்சி தெரியாத படத்தை அக்கா ஏறெடுத்தும் பாக்க மாட்டா."

மெக்கானிக் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை.

நேர்சாலை முடிந்து வளைவு தொடங்க நூறு மீட்டர் இருக்கும்போது, பிரேக் மிதிக்க அடையாளமாக 'நூறு' என்று ஒரு பலகை. மச்சினன் அதன் பக்கத்தில், வேலிக்குப் பின்னால் நின்றான். முதல் நான்கு சுற்றும் ஒரே மாதிரி. பலகையைத் தாண்டியதும் பின்விளக்கு சிவக்கும், கார் மூக்கைத் தாழ்த்தி வளைந்து போகும். ஐந்தாவது சுற்றில் மூக்கு தாழவில்லை. கார் நேரே சரளைக்குள் போய், டயர்ச் சுவரில் முட்டி நின்றது.

மாமாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை.

"பிரேக் பிடிக்கலை. மிதிச்சேன், சும்மா உள்ள போச்சு." டிராக்டர் காரை இழுத்து வருவதற்குள் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டார். கடைசியாக மெக்கானிக்கிடம் வந்தார். "நாளைலேர்ந்து பட்டறைப் பக்கம் வராதே."

"நேத்து நானே ஓட்டிப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்ணே."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

பதினோரு வருஷமாக அங்கே வேலை பார்ப்பவன் அவன். ஸ்பேனர் சாவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான்.

மச்சினன் கார் நிறுத்தும் கொட்டகை ஓரம் உட்கார்ந்து படங்களைத் தள்ளினான். பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பெடலில் கால் வைத்தால் பின்விளக்கு எரிந்தாக வேண்டும். நான்கு சுற்றிலும் எரிந்தது. ஐந்தாவதில் பலகையைத் தாண்டியபின் பன்னிரண்டு படம், ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை. அவற்றுக்கு முந்தின படத்தில் மாமா முழு முகத்தையும் அவன் பக்கம் திருப்பிப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அன்று எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

தன் பக்கம் திரும்பச் சொன்னது அவன். இதைக் காட்டினால் அதுவும் வெளியே வரும், அக்கா வீட்டுப் படி ஏற முடியாது. அழிக்க ஒரு பொத்தான் போதும். விரல் அதன் மேல்தான் இருந்தது. பெட்டியில் சாவி விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எழுந்துபோய்க் கேமராவை மாமாவிடம் கொடுத்தான்.

மாமா படங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். "பல்பு போயிருக்கும்."

மெக்கானிக் பெட்டியை விட்டு எழுந்தான். காரின் கதவைத் திறந்து, குனிந்து, பெடலைக் கையால் அழுத்தினான். பின்னால் இரண்டு விளக்கும் எரிந்தன. விட்டான், அணைந்தன. மறுபடி அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டான்.

"விடு, பேட்டரி இறங்கிடும்," என்றார் மாமா. பிறகு மச்சினனிடம், "நீதானே திரும்பச் சொன்னே?"

"ஆமா."

"உங்க அக்காகிட்ட நீயே சொல்லிக்க." மெக்கானிக்கைப் பார்க்காமலே, "நாளைக்கு வெள்ளன வந்துடு. பம்பரைக் கழட்டணும்," என்றார்.

மெக்கானிக் நிமிர்ந்து கையைத் துடைத்தான்.

"எப்பவும் வர்ற நேரத்துக்குத்தான் வருவேன்ணே."