நாற்பத்து மூன்றாம் படம்

செத்துப்போன என் வீட்டுக்காரர் பெயரில் எனக்கு ஒரு மெயில் வந்தது. கார் விற்பனைக்கு இருக்கிறதாம், நல்ல கண்டிஷனாம், ஒரே ஓனராம். கீழே செந்தில்வேல் என்று பெயர் வேறு. இரண்டாயிரத்து ஒன்பது, ஆடி மாதம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அதை மூன்று தடவை படித்தேன். பேய், பிசாசு என்றெல்லாம் பயப்படவில்லை. எவனோ திருட்டுப்பயல் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அத்தனை சுத்தமாக நாலு வரி இங்கிலீஷ் எழுத வராது.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். என் பெயர் கலைமகள். திருப்பூர் நல்லூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் செக்ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் சீரியல் கதை பேசுவார்கள். நான் இன்டர்நெட்டில் பழைய கார் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாங்குவதற்கு இல்லை. என் சம்பளத்துக்குக் காரா? சும்மா பார்ப்பேன், அதுவும் நீல நிற மாருதி எண்ணூறு மட்டும்.

எங்களிடம் அப்படி ஒன்று மூன்று வருடம் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதில் சிவன்மலைக்குப் போவோம். வீட்டில் என் வீட்டுக்காரர் வாயைத் திறக்க மாட்டார். நாலு தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்த மனுசனுக்குச் சோற்றில் கை வைத்தாலும் நினைப்பெல்லாம் யூனிட்டில்தான். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போதும், சின்ன வயதில் கிணற்றில் குதித்ததிலிருந்து ஆரம்பித்துவிடுவார். காங்கயம் ரோட்டில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேரும் பேசியதெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான்.

இரண்டாயிரத்து ஆறில் காரை விற்கிறேன் என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை கொடுத்த பார்ட்டியிடமிருந்து வர வேண்டிய பணம் நின்றுவிட்டது, ஓவர்லாக் மெஷின் வாங்க வேண்டும் என்றார். எங்கள் செக்ஷன் கேமராவை ஒரு நாள் வாங்கி வரச் சொன்னபோது, யூனிட்டைப் படம் எடுக்கப் போகிறார் என்று நினைத்து நானேதான் கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் காரைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"வண்டி போறதுக்குள்ள இதோட என்னைய ஒரு போட்டோ எடுத்துக் குடு புள்ள" என்றார்.

"வேற யாராச்சும் எடுப்பாங்க, அவிங்களக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன்.

விளம்பரத்தை இன்டர்நெட்டில் போட்டார். கேட்டவனுக்கெல்லாம் படங்கள், ஆர்.சி. புக் காப்பி, லைசென்ஸ் காப்பி என்று அத்தனையையும் மெயிலில் அனுப்பினார். முகம் தெரியாத ஆளுக்கு எதற்கு இதெல்லாம் என்று அன்றைக்கு அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கடைசியில் வண்டியைத் தாராபுரம் பக்கத்து ஆள் ஒருவர் எடுத்துக்கொண்டார். பத்து மாதம் கழித்து என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது. எட்டே நாள். கேமராவிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த அந்தப் படங்களை ஏற்கெனவே யாரோ அழித்திருந்தார்கள். கையில் மிஞ்சியது கல்யாண ஆல்பம். அதில் அவர் நிற்பதைப் பார்த்தால் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியது போல இருக்கும்.

அந்தக் காரைத்தான் இந்த ஆடி மாதம் விளம்பரத்தில் பார்த்தேன். எங்கள் நம்பர், எங்கள் வாசல், எங்கள் காம்பவுண்டுச் சுவர். சுவரில் பழைய பச்சைப் பெயின்ட். அதன்மேல் நான் மஞ்சள் அடித்து இரண்டு வருடமாகிறது. விலை, சந்தை விலையில் பாதி. நிஜமான காரோ, விபத்தில் நொறுங்கி, அவிநாசிபாளையத்தில் ஒரு பட்டறைக்குப் பின்னால் வெறும் கூடாகக் கிடக்கிறது. தாராபுரம் பஸ்ஸில் போகும்போது நானே பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

விளம்பரத்துக்குக் கீழே புகார் செய்ய ஒரு பட்டன் இருந்தது. அதை அப்போதே அமுக்கியிருக்க வேண்டும். அமுக்கவில்லை.

காரணம் இரண்டாவது படம். பக்கவாட்டில் எடுத்தது. கதவுக் கண்ணாடியில் என் வீட்டுக்காரர் தெரிந்தார். பனியன், கைலி, முகத்தை மறைத்துக்கொண்டு கேமரா. காது மட்டும் தெரிந்தது. அந்தக் காதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, வெறும் கட்டம் கட்டமாக ஆகும்வரை பார்த்தேன். இன்னும் படங்கள் அவனிடம் இருக்கும், எனக்கு அவை வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் புத்தியில் இருந்தது.

எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, நாச்சிமுத்து பெயரில் ஒரு மெயில் ஐடி திறந்தேன். மில் ஓனர், கார் வாங்க ஆசை என்று எழுதினேன். அதற்கு வந்த பதில்தான் என் வீட்டுக்காரர் பெயரில் வந்த மெயில். தான் பூனாவுக்கு மாற்றலாகிவிட்டதாகவும், தமிழ்நாட்டு நம்பர் வண்டியை அங்கே வைத்துக்கொண்டால் வரித் தொல்லை என்றும், அதனால்தான் நம் ஊர்க்காரருக்கே குறைந்த விலையில் கொடுப்பதாகவும் எழுதியிருந்தான். பாதிப் பணத்தை பேங்கில் போட்டால் லாரியில் ஏற்றி வாசலுக்கே அனுப்பிவிடுவானாம். போன் நம்பர் கேட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பான். நேரில் வருகிறேன் என்றால் ஊரில் இல்லை என்பான். நம்புவதற்குச் சாட்சி என்று என் வீட்டுக்காரர் லைசென்ஸ் காப்பியையே எனக்கு அனுப்பினான். எத்தனை தைரியம் பாருங்கள்.

நானும் சும்மா விடவில்லை. திருப்பூரில் பதினோரு வருடம் சாம்பிள் செக்ஷனில் இருந்தவள் நான். வெளிநாட்டு பையர் எங்களை என்ன பாடு படுத்துவான் தெரியுமா? ஒரு சாம்பிள் என்பான். அனுப்பினால் காலர் சரியில்லை, இன்னொன்று என்பான். கலர் மாற்று, சைஸ் மாற்று என்று இருபது சாம்பிள் வாங்கிக்கொண்டு, ஆர்டரைக் கொடுக்காமல் போய்விடுவான். அந்த வித்தையைத்தான் இவனிடம் காட்டினேன். இடது பக்கத்து டயர் சரியாகத் தெரியவில்லை, வேறு படம் அனுப்புங்கள். டேஷ்போர்டு வேண்டும். டிக்கி வேண்டும். நாளைக்குப் பணம் போட்டுவிடலாம், பின்சீட்டைக் காட்டுங்கள். ஒரு வாரத்தில் ஒன்பது படங்கள் வந்து சேர்ந்தன. ஒன்றில் அவர் விரல், லென்ஸின் ஓரத்தில். ஒன்றில் அவர் நிழல், பானெட்டின் மேல். முகம் மட்டும் எதிலும் இல்லை.

படங்களின் பெயர்களை அப்போதுதான் கவனித்தேன். எங்கள் கேமரா வரிசையாக நம்பர் போடும். முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தேழு வரை இருந்தது. நாற்பத்து மூன்று இல்லை.

கேட்டேன். அது காரின் படம் இல்லை, உங்களுக்கு உபயோகப்படாது என்று பதில் வந்தது.

கார் இல்லையென்றால் வேறு யார்? நான் எடுத்துக்கொடுக்கவில்லை. காம்பவுண்டுச் சுவர்மேல் கேமராவை வைத்து, டைமர் போட்டுத் தன்னையே எடுத்திருப்பார். அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். ஆல்பத்தில் நிற்கிற மாப்பிள்ளை இல்லை, நான் மல்லுக்கட்டிய, எனக்கு வேண்டிய அந்த மனுசன், கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். கெஞ்சாத குறையாக நாலு மெயில் போட்டேன். பயல் பிடித்துக்கொண்டான். பத்தாயிரம் டோக்கன் போடுங்கள், இருக்கிற எல்லாவற்றையும் அனுப்புகிறேன் என்றான்.

சொன்னால் சிரிப்பீர்கள். மறுநாள் பேங்க் பாஸ்புக்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

பதினொரு மணிக்கு ஜெபக்குமார் வந்தார். எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர், சாத்தான்குளம் பக்கத்துக்காரர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். சம்சாரம் விஜயராணி மாசமாக இருந்தது. பஸ் ஏறினாலே அந்தப் பெண்ணுக்கு வாந்தி.

"அக்கா, பேறுகாலத்துக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும்லா, அதுக்கு ஒரு கார் பாத்திருக்கேன். மத்தியானம் பணம் போடப் போறேன். ஒங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு கற்றைக் காகிதத்தை நீட்டினார்.

மேலே எங்கள் கார்.

நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு முதலில் தோன்றியது ஜெபக்குமாரின் பணம் இல்லை. இவரிடம் சொன்னால் இவர் போய்ப் புகார் கொடுப்பார், அந்தப் பயல் கடையைக் கட்டிவிடுவான், என் படம் போய்விடும் என்றுதான் தோன்றியது. அப்புறம் என்மேலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது.

"மாஸ்டருங்க, பணத்தப் போடாதீங்க. இது ஏமாத்து வேலைங்க."

"இல்லக்கா, வண்டியை ஏத்தியே விட்டுட்டாவ. எல்.ஆர். காப்பி வந்துட்டு, இந்தா பாருங்க."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. லாரி ஆபீஸ்காரன் கொடுக்கிற ரசீதுதான் எல்.ஆர். இந்த ஊரில் அதன் நகல் கைக்கு வந்துவிட்டால் சரக்கு கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பெற்ற அப்பனை நம்பாதவன்கூட எல்.ஆர். காப்பியைப் பார்த்ததும் பணத்தை அனுப்புவான். அந்தத் திருடனுக்கும் அது தெரிந்திருக்கிறது. வேறு ஊர்க்காரன் யாரும் அந்தத் துண்டுக் காகிதத்துக்கு மயங்க மாட்டான்.

நான் அதை வாங்கிப் பார்த்தேன். "காருக்குப் போட்ட எல்.ஆருங்களா இது? இஞ்சின் நம்பர் எங்கீங்க, சேசிஸ் நம்பர் எங்கீங்க? பேல் ஒண்ணு, எடை எம்பத்தஞ்சு கிலோன்னு போட்டிருக்குது பாருங்க. எம்பத்தஞ்சு கிலோவுல காரு வருமுங்களா? யாரோ ஒரு பேல் பனியன் மூட்டை அனுப்புன ரசீதுல பேர மட்டும் மாத்தியிருக்கறானுங்க."

ஜெபக்குமார் ரசீதை வாங்கி மறுபடி பார்த்தார். ஆனாலும் ஆசை விடவில்லை. "லைசென்ஸ் அனுப்பியிருக்காரே அக்கா. ஆளு நெசமான ஆளுதானே?"

கைப்பையைத் திறந்தேன். என் வீட்டுக்காரருடைய அசல் லைசென்ஸ் அதில்தான் எப்போதும் இருக்கும். எடுத்து அவர் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே முகம், அதே நம்பர்.

"என்ற ஊட்டுக்காரருங்க. போயி ரெண்டு வருசமாச்சுங்க."

அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பாஸ்புக் வரைக்கும். சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எப்ப இருந்துக்கா ஒங்களுக்குத் தெரியும்?"

"மூணு வாரமாங்க."

"மூணு வாரமா சும்மாவா இருந்தீய? காலையில நான் ஒங்ககிட்ட வரலேன்னா என் கதி என்ன ஆயிருக்கும்?"

கம்ப்யூட்டரைத் திருப்பி, அவர் பார்க்கவே அந்தப் பட்டனை அமுக்கினேன். லாரி ரசீது, பேங்க் அக்கவுண்ட் நம்பர், திருட்டுப் பெயர் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். மத்தியானத்துக்குள் விளம்பரம் காணாமல் போயிருந்தது. எங்கள் வாசல், பச்சைச் சுவர், கண்ணாடியில் தெரிந்த காது எல்லாம் அந்தத் தளத்திலிருந்து போயின. இனி நாற்பத்து மூன்றைக் கேட்க ஆள் இல்லை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு ஜெபக்குமார் மறுபடி வந்தார். கோபம் தணிந்திருந்தது.

"அக்கா, எனக்கு அவன் படத்தையெல்லாம் மொத்தமா ஒரே கட்டா அனுப்பியிருந்தான். நீங்க சொன்ன நம்பர் அதுல இருக்கான்னு பாக்கீங்களா?"

என் நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். அவர் தன் மெயிலைத் திறந்தார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று வரிசையாக இறங்கியது. நாற்பத்து மூன்று இருந்தது.

"இதுல காரே இல்லக்கா. யாரோ துணி தொவைக்குற பொம்பள. முதுகுதான் தெரியுது. தப்பா வந்திருக்கும்னு விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே திறந்தார்.

துவைக்கும் கல். பக்கெட். முழங்கால்வரை நனைந்த பழைய நைட்டி. தூக்கிச் செருகிய கொண்டை. தோள் இரண்டும் விறைத்துக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் முகம் இல்லை, அவர் நிழல்கூட இல்லை. காரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், நடுவில் கேமராவை என் பக்கம் திருப்பியிருக்கிறார்.

"யாருக்கா இது?"

"நாந்தானுங்க."

ஜெபக்குமார் எழுந்து வெளியே போய்விட்டார். நான் திரையைத் தொட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அந்தப் படத்தை எடுப்பதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். 'இங்க திரும்பு கண்ணு, ஒரே ஒரு போட்டோ' என்றார். எனக்கு நன்றாகவே கேட்டது. காதில் விழாதவளைப் போலத் துணியை அலசிக்கொண்டிருந்தேன்.