பித்தளைத் தலையும் ரப்பர் பிடியும்

1

இந்தக் கதை, நம் ஆட்கள் புலம்பெயர்ந்து குடியேறிய மல்கிரேவ் என்ற புறநகரில், ஒரு பிறந்தநாள் வீட்டில் கிடைத்தது. ஜெயரட்ணம் என்பவரோடு வேலை செய்த ஒருவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார், கேட்டவர்களும் சிரித்தார்கள். எனக்கு அவர்கள் எல்லார் மேலும் எரிச்சல் வந்தது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: “1976. நோபல் பார்க்கின் மேல் இலையுதிர்காலப் பொன்னொளி மெல்ல—”

பொன்னொளியாம்! அந்தப் புறநகரில், ஜெயரட்ணம் வீட்டுக் கராஜில் இருந்தது ஒரு குழல்விளக்கு.

2

ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்து எஞ்சினியர். டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பழைய கோல்ஃப் மட்டைகளைக் கராஜில் வைத்துச் செப்பனிடுவது பொழுதுபோக்கு. விளையாட மாட்டார். [காசு கொடுத்துப் புல்லில் நடக்கிற அளவுக்கு அவர் முட்டாளில்லை.]

அவருடைய மனேஜர், இறந்துபோன தன் தகப்பனின் மட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். பித்தளைத் தலை, மரத்தண்டு, தோல் சுற்றிய பிடி. தலை ஆடுகிறது, இறுக்கித் தந்தால் போதும் என்றார். ஜெயரட்ணத்தின் தம்பி நித்தியானந்தனுக்கு அங்கே ஒரு வேலை கொடுப்பதும் அந்த மனேஜரின் கையில்தான் இருந்தது. வேலை கிடைத்தால் விசா. இல்லையென்றால் தம்பி யாழ்ப்பாணத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

3

“தலையை மட்டும் இறுக்கிக் குடுத்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்?” என்றார் மனைவி இராஜேஸ்வரி.

“அதுதானே. புதுசாக்கியே குடுப்பம்.”

நம் ஆட்களின் வியாதி இது. கேட்டதை மட்டும் செய்தால் மானம் போய்விடும். இராஜேஸ்வரி பித்தளைத் தலையைக் குசினிக்குக் கொண்டுபோய், குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரிப் புளி போட்டுத் தேய்த்தார். ஜெயரட்ணம் தண்டை உப்புத்தாளால் உரசி வார்னிஷ் அடித்தார். பிடியின் தோலில், பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

“கிழவன் இதிலதான் பிடிச்சிருக்கிறார் போல.”

உரித்துக் குப்பைவாளியில் போட்டார். புது ரப்பர் பிடி மாட்டினார்.*

(*நான் இங்கே அவர் கையைப் பிடித்திருக்கலாம், எழுதுகிறவன் நான்தானே. பிடித்தால் கதை இல்லை. எழுத்தாளர்களின் இரக்கம் இவ்வளவுதான்.)

4

முடிவு அ: மனேஜர் கண்கலங்கி ஜெயரட்ணத்தைக் கட்டிப்பிடி— தூ.

முடிவு ஆ: நிறத்தைச் சொல்லித் திட்டுகிறார். இது உங்களுக்குப் பிடிக்கும். வெள்ளைக்காரனைச் சபித்துவிட்டு நிம்மதியாகச் சோறு சாப்பிடலாம். ஆனால் அந்த மனிதர் கெட்டவரில்லை, அதுதான் தொல்லை.

5

ஞாயிற்றுக்கிழமை, மனேஜர் வீட்டு வாசல். மட்டையை வாங்கினார். பித்தளை பளபளத்தது. அவருடைய பெருவிரல் பிடியின் மேல் போய்ப் பள்ளத்தைத் தேடியது, வழுக்கியது, மறுபடி தேடியது.

ஜெயரட்ணம் பெருமையாகச் சிரித்தார். “எப்படி இருக்கு, சேர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதே மூச்சில், “என் தம்பியின் விஷயம்…”

பிறந்தநாள் வீட்டில் எல்லாரும் இங்கேதான் வெடித்துச் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் அடுத்த வரி எனக்குக் கேட்கவில்லை. திரும்பப் போய்க் கேட்கவும் மனமில்லை.

ஆக, மனேஜர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். பதிலை நீங்களே சொல்லுங்கள். உங்கள் தகப்பனின் விரல் இருந்த இடத்தைக் குப்பையில் போட்டவர் எதிரே நிற்கிறார், அவருடைய தம்பி யாழ்ப்பாணத்தில் காத்திருக்கிறார். எங்கே, சிரிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.