ஒரு மாப்பு பாக்கி

"நான் வரல்ல ராத்தா. நீங்க இன்னும் பத்துத் தரம் ஏறி வந்தாலும் வரல்ல," என்று சொல்லிவிட்டு ஜமால்தீன் மறுபடி பாக்குச் சீவ ஆரம்பித்தான்.

ஸுபைதா செருப்பைக் கழற்றாமல் தம்பியின் வாசற்படியிலேயே நின்றாள். கீழே ஒழுங்கை முனையில், மூத்த அண்ணன் இத்ரூஸ் நானாவின் வீட்டு வாசலில், மஹ்ரூப் வாடகைக் காரின் ஹோர்னை அடித்துக்கொண்டிருந்தான். விடிந்ததிலிருந்து இது மூன்றாவது நடை. இப்படி ஏறி இறங்கினால் தன் முழங்காலும் கழன்றுவிடும், பிறகு கொழும்பு பெரியாஸ்பத்திரிக்குத் தன்னையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகவேண்டியதுதான் என்று நினைத்தாள்.

"உன்னை என்ன மலையையா தூக்கச் சொல்றேன். மனுசன் கால் மரத்துப்போய்க் கதிரையில உட்கார்ந்திருக்காரு. வந்து பொறுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. வாய் தேஞ்சா போகும்?"

பாக்குவெட்டி மட்டும் சத்தம் போட்டது.

இத்ரூஸ் நானாவுக்கு வந்த வியாதிக்குப் பெயர் கிடையாது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு ஒருநாள் பள்ளிவாசலிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். மற்றது எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு கை மரத்தது. பிறகு, பேசிக்கொண்டிருக்கும்போதே வேர்த்துக்கொட்டிச் சரிந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காதவர்போல எழும்பித் தேத்தண்ணி கேட்பார். மாத்தளை ஆஸ்பத்திரி டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இங்கே வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கொழும்பில் நரம்புக்கென்றே பெரிய டாக்டர் இருக்கிறார், உடனே போங்கள் என்றார்.

உடனே என்றால் இந்தக் குடும்பத்தில் என்ன அர்த்தம் என்று டாக்டருக்குத் தெரியாது. நாட்டு வைத்தியர் வெதமாத்தயாவின் எண்ணெயை ஒரு கிழமை பூசிப் பார்க்கலாம் என்றார்கள். பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். சஃபர் மாசம் பிறந்துவிட்டது, ஆகாத மாசம், பயணம் வேண்டாம் என்றார்கள். நானாவின் மகள் ஜுனைதாவைக் கண்டியில் கட்டிக் கொடுத்திருந்தது. அவளுடைய மாமனார், சம்பந்தி ஹாஜியார், கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போனவன் பெட்டியில்தான் வருவான் என்று மெனக்கெட்டு ஆளனுப்பிச் சொன்னார். ஆளுக்கொரு வாய், வாய்க்கொரு வைத்தியம். பெண்சாதி இருந்திருந்தால் ஒரு அதட்டலில் கிளப்பியிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு, தாலி என்று ஒன்று இல்லாவிட்டாலும் எல்லாப் பொறுப்பும் விதவைத் தங்கச்சி ஸுபைதாவின் கழுத்தில்தான்.

ஒருவழியாகப் போவது என்று முடிவானதும், நானா புதிதாக ஒன்றைக் கிளப்பினார். தூரப் பயணம், திரும்புவது அல்லாஹ்வின் நாட்டம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் செய்கிறமாதிரி எல்லாரிடமும் மாப்புக் கேட்டுவிட்டுத்தான் வண்டி ஏறுவேன் என்றார். கறிக்கடைக்காரர், முடி வெட்டுகிறவர், பக்கத்து வீடு, எதிர்த்த வீடு, ஒருவரையும் விடவில்லை. நான் ஏதும் பிழை செய்திருந்தால் பொறுத்துக்குங்க என்று கையைப் பிடித்துக் கேட்டார். தபால்காரர் பண்டாவைக்கூட வழியில் நிறுத்திச் சிங்களத்தில் கேட்டார். "எனக்கு என்ன செஞ்சீங்க முதலாளி?" என்று அந்த மனுசன் பயந்துபோனார்.

எல்லாரும் பொறுத்தாயிற்று. மிச்சம் ஒரே ஆள், கூடப்பிறந்த தம்பி.

ஜுனைதாவின் கல்யாணத்தில் நடந்த சங்கதி அது. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாலத்தில் சாப்பிடுகிற சஹன் சாப்பாடு. முதல் சஹனில் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, ஜமால்தீன் சோற்றில் கையும் வைத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து ஹாஜியாருக்கு இடமில்லாமல் போயிற்று. "தம்பி, நீ எழும்பு, சம்பந்தி உட்காரட்டும்" என்றார் நானா. எழும்பினவன் கையைக் கழுவினான், படியிறங்கினான், நாலு வருஷமாக ஏறவில்லை. சோற்றில் கை வைத்தவனை எழுப்பியது பிழைதான். சின்ன வயதில் இதே நானாதான் சஹனில் தன் பக்கத்து இறைச்சித் துண்டையெல்லாம் தம்பி பக்கம் தள்ளிவிடுவார். அதை நினைத்தால் ஸுபைதாவுக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் கூடும்.

"நாலு வருஷமாவா ஒரு புடி சோறு தொண்டையில நிக்குது?" என்றாள்.

"கோபம் எப்பவோ போச்சு ராத்தா."

"பிறகு என்னடா கேடு உனக்கு?"

அவன் பாக்குவெட்டியைக் கீழே வைத்தான். "உம்மா எப்படிப் போனாங்க, ஞாபகம் இருக்கா? படுக்கையில இருந்துக்கிட்டே ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு மாப்பு வாங்கினாங்க. கடைசியா சாச்சி வந்து பொறுத்தேன்னு சொன்னாங்க. அசருக்கு பாங்கு சொல்ல முந்தி உம்மா மவுத்து. எல்லாம் வாங்கி முடிச்சிட்டா மனுசனுக்கு இங்க என்ன வேலை?" கண்ணைத் துடைக்காமல் வேறு பக்கம் பார்த்தான். "நான் தரமாட்டேன். ஒன்னு பாக்கி இருக்கட்டும். சொகமாகித் திரும்பி வரச் சொல்லுங்க. வந்த அன்னைக்கு வாசல்ல வெச்சே தாறேன்."

"அப்ப கூடவாவது போடா. துணைக்கு ஒரு ஆம்பிளை வேணாமா?"

"அவர் மொகத்தைப் பார்த்தா அழுதுட்டுக் குடுத்துடுவேன்."

அவனை அறைந்தால் தேவலை என்றிருந்தது ஸுபைதாவுக்கு. ஒருத்தர் வாங்காமல் போகமாட்டார், ஒருத்தன் போய் வராமல் கொடுக்கமாட்டான். உம்மா கெட்டிக்காரி, இதையெல்லாம் பார்க்காமல் முந்திப் போய்விட்டாள். மஹ்ரூப் மறுபடி ஹோர்ன் அடித்தான். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். இனி பொய்தான் வழி என்று பாதி ஒழுங்கையிலேயே தீர்மானித்துவிட்டாள்.

இத்ரூஸ் வெள்ளைச் சாரனும் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக முன்விறாந்தைக் கதிரையில் கல்யாணத்துக்குப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

"பொறுத்துட்டானாம். கடைக்கு மூட்டை வருதாம், அதான் வர ஏலாதாம். எழும்புங்க."

"அப்படியா," என்றார் அவர். "நீ பொய் சொன்னா காதைத் தொடுவே. கையை எடு புள்ள."

அவள் கை காதிலிருந்தது. அதோடு அவளுக்கிருந்த பொறுமையும் முடிந்தது. "ஆமா, பொய்தான். அவன் தரமாட்டானாம். நீங்க கொழும்புக்குப் போய்ச் சொகமாகித் திரும்பி வந்தா, வாசல்ல வெச்சுத் தருவானாம். மாப்பு ஒன்னு பாக்கி இருந்தா அதுக்காகவாவது வருவீங்களாம். கேட்டீங்களா கதையை? போதுமா? இனி என்ன, என்னைத் தூக்கி மலையில போடுங்க ரெண்டு பேரும்."

நானா வாசலைப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. மறுபடி சரியப்போகிறார் என்று அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த வியாதி வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை.

"கள்ளன்," என்றார். "உம்மாவோட புள்ள. அப்ப வரத்தான் வேணும். வந்து ஒரு சஹன் வெச்சு, சம்பந்தியை எழுப்பிட்டு அவனை உட்கார வைக்கணும்." பிறகு குரலை உயர்த்தி, "மஹ்ரூப், காரை எடு," என்றார்.

இதை முந்தாநாள் சொல்லியிருந்தால் இந்நேரம் டாக்டர் சுத்தியலை எடுத்திருப்பார் என்று முணுமுணுத்துக்கொண்டே ஸுபைதா பையை ஏற்றினாள். கார் திரும்பும்போது மேலே ஜமால்தீன் வீட்டு வேலியோரம் ஒரு தலை தெரிந்தது. "நிக்கிறான், பார்த்தியா," என்றார் நானா. அவள் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிப் போய் இழுத்துவரத் தோன்றும்.

கண்டிக்குப் போய் ஜுனைதாவையும் மருமகனையும் ஏற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. வழியெல்லாம் அவர் சாப்பாட்டைப் பற்றியே பேசினார். புரியாணி வேண்டாம், நெய்ச்சோறுதான். இறைச்சி ஆட்டிறைச்சியாக இருக்கவேண்டும், அவனுக்கு மாடு ஒத்துக்கொள்ளாது. அலவத்துகொடை தாண்டி மழை பிடித்தது. கொஞ்சம் பேசாமல் வந்தார். காரின் ஆட்டத்தில் அவருடைய செருப்பு கழன்று அவள் காலடியில் உருண்டு வந்தது.

"நானா, செருப்பு."

அவள் குனிந்து செருப்பை எடுத்துக் காலில் மாட்டப் பார்த்தாள். "கொஞ்சம் தூக்குங்க. அட, தூக்குங்கன்னா. கல்லு மாதிரி வெச்சுக்கிட்டா நான் எப்படிப் போடுறது?" மாட்டுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. நிமிர்ந்து இன்னும் இரண்டு ஏச வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மஹ்ரூப் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் காரை ஓரம் கட்டினான். அவனும் வந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தான், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. "என்ன செய்ய ராத்தா? கண்டிக்கு விடவா?" என்றான். கேள்வி அவனுக்கே சரியாகப் படவில்லை போல, தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டான்.

"திருப்பு," என்றாள் ஸுபைதா.

கார் ஒழுங்கைக்குள் திரும்பினபோது ஜமால்தீன் மேலேயிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தான். அண்ணனைத் தூக்கி உள்ளே கொண்டுபோனதும், குளிப்பாட்டும்போது தலைமாட்டில் நின்றதும், கபன் துணியைச் சுற்றியதும் அவன்தான். அதற்குள் கண்டியிலிருந்து ஜுனைதா அழுதுகொண்டு வந்து சேர்ந்தாள். பின்னாலேயே ஹாஜியாரும் வந்து, நான் அப்பவே சொன்னேன் என்று ஆரம்பித்தார். ஸுபைதா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்குமுன் மருமகன் வாசலில் நின்று, வழக்கப்படி, "மாமா யாருக்கும் ஏதும் பிழை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்குங்க" என்று கேட்டார். பொறுத்தோம், பொறுத்தோம் என்று வாசல் முழுக்கச் சொன்னது. ஸுபைதா திரைக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு குரலுக்குக் காதைக் கொடுத்தாள். அத்தனை குரலில் அது இருந்ததா என்று தெரியவில்லை.

அடக்கிவிட்டு வந்தார்கள். மையத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலில் ஆக்கிய சோறு சஹன் சஹனாக வந்து இறங்கியது. முதல் சஹனில் ஹாஜியாரை உட்கார வைத்தார்கள். ஜமால்தீன் எங்கும் உட்காராமல் ஒவ்வொருவருக்கும் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனான். திரை ஓரம் வந்ததும் ஸுபைதா அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எல்லாரும் சொன்னாங்களே, நீ சொன்னியா?"

"இல்ல ராத்தா."

"கபுரடியில?"

"வாய் வரல்ல." செம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "திரும்பி வந்தாத்தானே தாறேன்னு சொன்னேன்."

"வந்துட்டாருடா," என்றாள் அவள். "நீ சொன்ன மாதிரி வாசலுக்கே வந்துட்டாரு. எப்படி வரணும்னு நீ சொல்லி அனுப்பல்ல."

சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து, பிடித்திருந்த சட்டையை விட்டாள். செம்புத் தண்ணீர் அவன் காலில் வழிந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

"நீ சொன்னதை அப்படியே சொன்னேன் அவர்கிட்ட," என்றாள் மெதுவாக. "சிரிச்சாரு."

"சிரிச்சாரா?"

"தோளு குலுங்கச் சிரிச்சாரு. கள்ளன்னாரு."

அவள் அவன் கையிலிருந்த செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையை விலக்கி, ஆண்கள் உட்கார்ந்திருந்த கூடத்துக்குள் நடந்தாள். பேச்சு நின்றது. ஹாஜியார் இன்னும் சோற்றில் கை வைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் அவள் போனாள்.

"சம்பந்தி, கொறை நெனைக்காதீங்க. கொஞ்சம் எழும்புங்க. இது நானா சொல்லி வெச்ச எடம்."

ஹாஜியார் அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், எழும்பினார். மரியாதைக்காக அவர் பக்கத்தில் இருந்தவரும் எழும்பி வேறு சஹனுக்குப் போய்விட்டார். ஸுபைதா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தாள். அவன் பக்கத்து இடம் வெறுமனே கிடந்தது. ஒருவரும் வந்து உட்காரவில்லை.

அவன் தலையைக் குனிந்து சோற்றில் கை வைத்தான். உதடு அசைந்தது. பிஸ்மி சொன்னானோ, வேறு என்ன சொன்னானோ, அவளுக்குக் கேட்கவில்லை. தன் பக்கத்தில் கிடந்த இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆளில்லாத பக்கம் ஒதுக்கினான்.

"சாப்பிடு," என்றாள் ஸுபைதா. "சோறு ஆறுது."