நாற்பத்தோராவது பல்செட்

அக்காவுக்குப் பல் போன பிறகு தெருவுக்கு எந்தச் செய்தியும் ஒழுங்காக வந்து சேரவில்லை. யார் வீட்டில் புது மெத்தை, யார் வேலையை விட்டார் என்பதையெல்லாம் காலைக் காப்பி ஆறுவதற்குள் விநியோகித்து வந்தவள், எட்டு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு சோற்றைக் குழைத்து விழுங்கிக்கொண்டிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் வாய்க்கு அச்சு எடுத்தாயிற்று. பல்செட் இலவசம், வரிசை எண் நாற்பத்தொன்று.

வேடிக்கை என்னவென்றால், அதைச் செய்ய வேண்டியவன் அவளுடைய சொந்தத் தம்பி.

அவன் வேலை பார்க்கும் பல் கட்டும் லேபுக்கு இரண்டு பக்கமிருந்தும் அச்சுகள் வரும். தனியார் கிளினிக்குகளுடையது சிவப்புத் தட்டில். மூன்றே நாளில் போயாக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியுடையது வெள்ளைத் தட்டில், கை ஒழிந்தபோது. வைக்கிற பல் என்னவோ ஒரே பெட்டியிலிருந்துதான். முதலாளி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கிளினிக்காரர்கள் கையோடு கொடுத்துவிடுகிறார்கள். அரசாங்கத்தின் காசு ஒரு வருஷம் ஊர் சுற்றிவிட்டு வருகிறது. உங்களுக்குச் சம்பளம் மட்டும் ஒன்றாம் தேதி வேண்டும் என்பார்.

ஒரு மாலை அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள்.

“என் அச்சை மட்டும் சிவப்புத் தட்டுல மாத்தி வச்சா யாருக்குடா தெரியப்போகுது?”

“யாருக்கும் தெரியாதுக்கா.”

“அப்புறம் என்ன? கூடப்பிறந்தவ வாயில பல் இருந்தா உனக்குக் கசக்குதா?”

மறுநாள் தம்பி அவள் தட்டை எடுத்தே விட்டான். எடுத்த இடத்தில் நாற்பதாவது தட்டு தெரிந்தது. அட்டையைப் பார்த்தால் எதிர்வீட்டு அம்மாள். தண்ணீர்க் குழாய்த் தகராறில் அக்காவோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லாதவள். அவளும் எட்டு மாதமாக வெளியே தலைகாட்டவில்லை. திமிர் என்று தெரு முடிவு கட்டியிருந்தது. அச்சைத் திருப்பிப் பார்த்தான். மென்று மென்று ஈறே தேய்ந்திருந்தது. அவளுக்கு முன்னால் இன்னும் முப்பத்தொன்பது வாய். அக்காவின் தட்டை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

சிவப்புத் தட்டு வேலையில் பிளாஸ்டர் ஊற்றினால், அது இறுக முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த நேரம் டீக்கும் ஜன்னலோர அரட்டைக்கும் என்பது லேபில் எழுதாத சட்டம். தம்பி டீயை நின்றபடியே குடித்துவிட்டு, வெள்ளைத் தட்டுகளை ஒன்றாம் எண்ணிலிருந்து எடுக்க ஆரம்பித்தான். முதலாளி இரண்டு நாள் பின்னால் நின்று நோட்டம் விட்டார். சிவப்பு எதுவும் தாமதமாகவில்லை. மெழுகைப் பார்த்துச் செலவு பண்ணச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாற்பத்தொன்றும் முடியப் பதினோரு வாரம் ஆயிற்று. அத்தனை வாரமும் அக்கா தம்பியோடு பேசவில்லை. அவள் யாரோடும் பேசாததால் அது பெரிதாகத் தெரியவுமில்லை. தெருவில் பாதிப்பேர் அவன் அதிகாரிகளை விடக் கல்நெஞ்சன் என்றார்கள். மீதிப்பேர் முன்பல்லையாவது கொடுத்திருக்கலாம் என்றார்கள்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அன்று மாலையே அக்கா தம்பி வீட்டுக்கு வந்தாள், வாயைப் பொத்தாமல்.

“எனக்கு முன்னாடி எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டாங்கடா.”

“நம்பர்படிதான்க்கா.”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த பிஸ்கட்டைச் சத்தமாகக் கடித்து, முழுதாக மென்று விழுங்கினாள்.

“அவளுக்கு மேல்வரிசை உறுத்துதாம். பேசினேன். வரச் சொல்லியிருக்கேன், கொஞ்சம் தேய்ச்சுக் குடு.”

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பதினோரு மாதப் பாக்கிச் செய்திகளை ஒவ்வொன்றாக ஆரம்பித்தாள்.