பட்டத்தரசியில் ஒரு பெயர்

"இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணு" என்றார் அண்ணன், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி.

அடுத்த அறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நாற்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்மீட்டர் பார்த்தவர், விடிகாலையில் யாரையும் கதவு திறக்க வைக்காமல் தூக்கத்திலேயே போய்விட்டார். நாலு மணிக்கு எடுப்பதாக முடிவு. பதினோரு மணிக்குள் அறிவிப்பு எல்லோருடைய கைபேசிக்கும் போயாக வேண்டும். தூரத்து ஆட்கள் வந்து முகம் பார்க்க வேண்டாமா? அச்சகத்தில் அழைப்பிதழ் வடிவமைப்பது அவள் வேலை. அழக்கூட விடாமல் மடிக்கணினி முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

அண்ணன் குடியிருப்போர் சங்கத் தலைவர். குழாய் ரிப்பேர் சுற்றறிக்கையிலும் 'மாபெரும்' என்று போடுகிறவர். அவர் கேட்டது 'பட்டத்தரசி' எழுத்துரு. சுழியெல்லாம் கொடியாகி, கொம்பெல்லாம் வாலாகி, பக்கத்து எழுத்தின் இடுப்பில் கைபோட்டு நிற்கும்.

"அட்ரஸ், டைம், போன் நம்பர் எல்லாத்தையும் அதுலயே போடு. ஒரு கௌரவம் வேணாமா? 'சங்கத் தலைவரின் அருமைத் தந்தை'ங்கறது மேல வரட்டும்."

"போனது யாருண்ணே, அப்பாவா சங்கமா?"

"துக்க வீட்டுல குதர்க்கம் பேசாத."

"ஒத்தைப் பேருக்குன்னே பொறந்த எழுத்துண்ணே அது. தனியா, பெருசா வச்சா ராஜகளை. அட்ரஸையும் அதுல போட்டா பூனை கலைச்ச நூல்கண்டுதான். அப்பா ஆளுங்க எல்லாம் எழுபதைத் தாண்டினவங்க. யாரு படிப்பா?"

"பாசம் இருக்கறவன் படிப்பான்."

சரி என்று அப்படியே போட்டு, ஒரு தாள் அச்செடுத்தாள். ஏழு மணியிலிருந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்த லைன்மேன் மாமாவிடம் நீட்டினாள். முப்பது வருடம் அப்பாவோடு வேலை பார்த்தவர். தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்டப் பிடித்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. யாருக்குக் கல்யாணம்?"

அழுதுகொண்டிருந்த அத்தை முந்தானைக்குள் சிரித்துவிட்டாள். பின்னாலேயே வந்திருந்த அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

அவள் மடிக்கணினிக்குத் திரும்பினாள். யாரையும் கேட்கவில்லை. நேரம், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் தடித்த, சாதாரண எழுத்துக்கு மாற்றினாள். 'சங்கத் தலைவர்' கீழே, குடும்பத்தார் பெயர்களோடு வரிசையில் போய் நின்றார். ஓரத்துப் பூங்கொடியையும் மூலைப் புறாக்களையும் நீக்கினாள். அப்பாவின் பெயரை மட்டும் பட்டத்தரசியில் விட்டாள். கடைசி எழுத்தின் வால் நீளமாக ஓடியது, வெட்டவில்லை.

அண்ணன் குனிந்து பார்த்தார். குரலில் சங்கம் இல்லை.

"பேரைச் சுத்தி இவ்வளவு எடம் சும்மா கெடக்கே. எதையாவது போடலாமில்ல?"

"கெடக்கட்டும்ணே."

பத்தரைக்கு அனுப்பினாள். அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அனுப்பி முடித்த பிறகும், இருவரும் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.